இஸ்திரித் துணிக்குள் போன மைக்

சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பேச ஆளுக்குப் பத்து நிமிடம். முதலில் இஸ்திரிப் பிரிவுக்காரி, பிறகு கட்டிங் மாஸ்டர். அப்புறம் கையைத் தூக்கி ஓட்டு. அந்த ஆடைத் தொழிற்சாலையின் முந்நூறு பேருக்கும் யார் பிரதிநிதி என்பது அதோடு முடிந்துவிடும்.

கட்டிங் மாஸ்டருக்கு வெண்கலத் தொண்டை. தும்மினாலே முற்றம் முழுக்கக் கேட்கும். இஸ்திரிக்காரி பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் போய்ச் சேரும். ஆனால் போன மாதம் இஸ்திரி அறையின் நீராவியில் மயங்கி விழுந்த மூன்று பேரையும் வெளியே தூக்கி வந்தவள் இவள்தான். அந்த அறைக்குச் சூட்டை வெளியேற்றும் விசிறி ஒன்று வந்தே ஆகவேண்டும் என்றுதான் போட்டியில் குதித்தாள்.

தையல் பிரிவில் இருக்கும் அவளுடைய நாத்தனார் சும்மா இருப்பாளா? ஒரு நடன வகுப்பிலிருந்து சக்கரம் வைத்த ஸ்பீக்கரையும் காதில் மாட்டும் மைக்கையும் இரவல் வாங்கி வந்தாள். மைக்கில் பேசுவதை ஸ்பீக்கருக்கு அனுப்பும், இடுப்பில் செருகும் சின்னப் பெட்டியின் கிளிப் உடைந்திருந்தது. இஸ்திரி மேஜையில் விரிக்கும் வெள்ளி நிறத் துணியில் அதற்கு அழகாக ஒரு பை தைத்து, கயிறு கோத்து, அண்ணியின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

இவள் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் வாயைத் திறந்ததுதான் தாமதம், கீச்சென்று ஓர் ஊளை. காதைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி வந்தாள். ஊளை நின்றது, கூடவே குரலும் நின்றுவிட்டது.

"என்னம்மா, உன்ன மாதிரியே பெட்டிக்கும் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் கட்டிங் மாஸ்டர். முற்றமே சிரித்தது.

"அண்ணி, சத்தம் கூட்டிட்டேன். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே சேனல்லதான் இருக்கு. பேட்டரிய மாத்துங்க!" என்று ஸ்பீக்கரிடமிருந்து நாத்தனார் கத்தினாள்.

பையிலிருந்து உருவி பேட்டரியை மாற்றினாள். சிக்னல் வருகிறது என்று ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று பைக்குள் போட்டாள், அணைந்தது. மறுபடி உருவினாள், எரிந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தத் துணியின் மேல் தேய்ப்பவளுக்குத் தெரியாதா!

"அடியேய், இது அலுமினியப் பூச்சுத் துணிடி! சூட்டையே கீழ விடாது, சிக்னல தூரமா போக விடுமா?"

"ஐயோ அண்ணி, பளபளன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன்..."

நான்கு நிமிடம் மிச்சம். பையைக் கழற்றி வீசிவிட்டு, பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினாள். அதே மெல்லிய குரல்தான், ஆனால் கடைசி வரிசையில் இருந்தவளுக்கும் காதருகே உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. மயங்கி விழுந்த மூவரின் கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் சாப்பாட்டில் வைத்த கைகள் அப்படியே நின்றன.

அடுத்துப் பேசிய கட்டிங் மாஸ்டர் மூன்றே நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். இவளுக்கு உயர்ந்த கைகளை இருநூறு வரை எண்ணிய குமாஸ்தா, "போதும்பா, ஜெயிச்சாச்சு" என்று நோட்டை மூடினார். முற்றம் அதிர்ந்தது.

மைக்கை அணைக்கப் போனவளின் கையை நாத்தனார் பிடித்தாள். "இருங்க அண்ணி. மேனேஜர் ரூம் ஜன்னல் தொறந்துதான் இருக்கு."

ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். இவள் நிதானமாக, சத்தம் போடாமல் சொன்னாள்:

"சார், நான்தான் புதுப் பிரதிநிதி பேசுறேன். எங்களுக்கு விசிறி எப்ப வரும்?"