கற்பூரம் ஏற்றிய கை

ஜெயராமனுக்கு எமர்ஜென்சி ரொம்பவும் பிடித்துப் போயிருந்தது. ஏன் என்று கேட்டால் ஆவடி ரயில் நேரத்துக்கு வருகிறது என்பார். உண்மைக் காரணம் வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் லேபர் ஆபீசர். தொழிலாளிகளோடு பேசுவதுதான் அவர் வேலை. பேசத் தேவையில்லை என்று சர்க்காரே சொல்லிவிட்ட பிறகு, சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க யாருக்குத்தான் கசக்கும்?

முன்பெல்லாம் யூனியன் செயலாளர் ராஜசேகரன் வாரம் தவறாமல் அவர் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவான். கான்டீன் சோற்றில் கல், கக்கூஸில் தண்ணீர் இல்லை, பிரஸ்ஸில் விரல் போனவனுக்கு நஷ்டஈடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். பத்துக் கேட்பான், நாலுக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போவான். வெளியே ஆட்கள் அவனை டீக்கு விலை போனவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஏசி முடித்ததும் அவரவர் மெஷினுக்குப் போய்விடுவார்கள். அந்த ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு கம்பெனியை ஓடவைத்தவனே அவன்தான் என்பது ஜெயராமனின் மண்டையில் ஏறவில்லை. மாநில ஆட்சியைக் கலைத்த சூட்டோடு, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த காபியை உறிஞ்சிக்கொண்டே ராஜசேகரன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். விசாரணையில்லாமல் உள்ளே போடும் மிசா சட்டம் என்று சொல்லி அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். யூனியன் அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார் ஜெயராமன்.

அப்புறம் எல்லாம் அமைதிதான். சுவரில் 'பேச்சைக் குறை, உழைப்பைக் கூட்டு' என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டினார்கள். ஆட்களும் பேச்சைக் குறைத்தார்கள். கான்டீனில் இரண்டாம் தடவை சோறு கிடையாது என்றபோது யாரும் வாய் திறக்கவில்லை. போனஸைப் பாதியாக வெட்டியபோதும் திறக்கவில்லை. முதலாளி தன் அறைக்கு ஏ.சி. வைத்தார். அதன் பின்பக்கத்து அனல் பிரஸ் ஷாப்புக்குள் அடித்தது. ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தவர்கள் அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார்கள். "பாருங்க சார், எவ்வளவு திருப்தியா இருக்காங்க" என்றார் ஜெயராமன். வாய் மூடியிருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்த மேதை அவர்.

ஆயுதபூஜை வந்தது. வருஷா வருஷம் யூனியன் சார்பில் ராஜசேகரன்தான் கற்பூரம் ஏற்றுவான். இந்த வருஷம் தொழிலாளி எவனும் எதிலும் முன்னே நிற்கக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. முன்னே நிற்க ஜெயராமனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? மனைவி வசந்தா எடுத்துக் கொடுத்த ஜரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு கல்யாண மாப்பிள்ளையாட்டம் வந்து நின்றார். கூட்டிப் பெருக்கும் கெங்கம்மாள் லேத், பிரஸ், கிரைண்டர் ஒன்று விடாமல் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். ஜெயராமன் கற்பூரம் ஏற்றி, மெஷின் மெஷினாகக் காட்டி, வாசலில் பூசணிக்காயை ஓங்கி உடைத்தார். முதலாளி புதுக் காரில் வந்து, அதன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதை ரசித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரியும் ஒரு வாழைப்பழமும் கொடுக்கச் சொன்னார்.

முன்பு இதே நாளில்தான் போனஸைச் சொல்வார்கள். ஸ்வீட் டப்பாவும் வேட்டியும் கிடைக்கும். பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி என்ன எடுப்பது என்று அன்றைக்கே வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். இப்போது முந்நூறு பேரும் கையிலிருந்த பொரியைப் பார்த்தார்கள். நெஞ்சு கொதித்தது அவர்களுக்கு. கொதித்து என்ன செய்ய? கேட்கப் போக ஒருத்தன் இருந்தான், அவனும் ஜெயிலில்.

போல்ட்டுக்கு மறை போடும் திரெட் ரோலிங் மெஷின் வேம்புலி மட்டும் மெதுவாகக் கேட்டான். "சார், நாளைக்கி மெஷின் ஓட்டறதுக்கு மின்ன பூஜை எடுக்கறது யாரு?"

"இதென்னய்யா கேள்வி? ஏத்தின கைதான் எடுக்கணும். நான்தான் எடுப்பேன்" என்றார் ஜெயராமன், முதலாளியின் காதில் விழும்படி.

"சரி சார்" என்று வேம்புலி பொரியை வாயில் போட்டுக்கொண்டான்.

அன்று மத்தியானம் வெள்ளானூரில் ஜெயராமனின் சித்தப்பா அப்பாவு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நெருங்கிய பங்காளி. ஊரே கூடி, பொழுது சாய்வதற்குள் தாரை தப்பட்டை முழங்க எடுத்தார்கள். ஜெயராமனும் கொள்ளிக்கு முன்னால் நடந்து, குளித்து முழுகி, மறுநாள் காலை கம்பெனிக்கு ஓடி வந்தார். ஏற்றுமதிச் சரக்கு அந்த வாரமே துறைமுகம் போயாக வேண்டும்.

ஷாப்புக்குள் நுழைந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் வந்திருந்தார்கள். அவரவர் மெஷின் முன்னால் கைகட்டி நின்றிருந்தார்கள். ஒரு மோட்டாரும் ஓடவில்லை.

"என்னய்யா? ஸ்விட்சைப் போடுங்க."

"பூஜை எடுக்கலியே சார்" என்றான் வேம்புலி.

"இதோ எடுக்கிறேன்."

"நீங்க எப்டி சார் எடுப்பீங்க? தீட்டுல இல்ல கீறீங்க? உங்க ஊட்டு மோளம் எங்க தெரு வரிக்கும் கேட்டுச்சே. பதினாறு நாளு போவட்டும்."

"அப்போ வேற யாராவது எடுங்கய்யா!"

"ஏத்துன கைதான் எடுக்கணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? நாங்க படிக்காதவங்கோ. நீங்க சொல்றததான் கேட்டுக்குவோம்."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் கிடையாது. ஜெயராமன் பெருமைக்காக அவிழ்த்துவிட்ட வார்த்தை அது. ஆனால் ஒரே ராத்திரியில் அது முந்நூறு வீட்டுக்குக் குலவழக்கமாகிவிட்டிருந்தது. ஜெயராமன் கத்தினார். ஸ்ட்ரைக் செய்தால் உள்ளே போவீர்கள் என்று மிரட்டினார்.

"ஸ்ட்ரைக்கா? அய்யய்யோ, யாரு சார் பண்றாங்கோ? கார்டு அடிச்சிட்டு டூட்டியில நின்னுகினு கீறோம். சாமி குத்தம் வந்தா விரலு போறது எங்குளுதுதானே?"

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. அறையில் ஜெயராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. சரக்கு போகாவிட்டால் நீயும் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார் முதலாளி. பாடி பக்கத்தில் கட்டிப் பாதி எழும்பிய தன் வீடும், படிக்கிற பிள்ளைகளும் கண்முன் வந்து நிற்க, ஜெயராமன் ஓடிப்போய் ஒரு குருக்களைப் பிடித்து வந்தார். குருக்கள் மந்திரம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினார். கெங்கம்மாள் அவர் போகும் வரை காத்திருந்து, தீர்த்தத்தில் கரைந்த குங்குமத்தை மறுபடி அழகாக வைத்துவிட்டாள்; பூஜை எடுக்காத கணக்காகவே நின்றது. சூப்பர்வைசர் ஒருவர் துணிந்து ஸ்விட்சில் கை வைத்தார். அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவருக்கும் குழந்தை குட்டி உண்டு. கையை எடுத்துக்கொண்டார்.

"சரிய்யா, பேசித் தீர்த்துக்கலாம். உங்களுக்குப் போனஸ் வேணுமா? சோறு வேணுமா? யார் உங்க தலைவர்? ஒருத்தர் உள்ள வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்று இறங்கி வந்தார் ஜெயராமன்.

"தலைவரா? அவர்தான் உள்ள கீறாரே சார்" என்றான் வேம்புலி. "எங்குளுக்கு இன்னா வேணும்? சாமி பூஜை எடுக்கணும், அவ்ளோதான்."

அந்த நிமிஷம் ராஜசேகரனை நினைத்து ஜெயராமனுக்கு அழுகையே வந்தது. அவன் இருந்திருந்தால் இரண்டு டீயில் முடிந்திருக்கும். பாதி போனஸில் ஏதோ கொஞ்சம் கூட்டி வாங்கிக்கொண்டு போய், ஆட்களிடம் திட்டு வாங்கி, மெஷினை ஓட விட்டிருப்பான். கையெழுத்துப் போட ஒரு கை, ஏச ஒரு முகம் இருந்தது அப்போது. இப்போது முந்நூறு முகம், ஒன்றிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யாரிடம் போய் விழுவது? வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயராமனுக்கு அவர்களைக் கண்டு பயம் வந்தது.

மூன்றாம் நாள் முதலாளியே போலீஸுக்குப் போன் செய்தார். ஜீப்பிலும் வேனிலுமாக வந்தார்கள். ஜீப்பின் நெற்றியில் ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று வாடித் தொங்கியது. வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் அதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"எல்லாரையும் அள்ளிடட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அய்யோ, அள்ளிட்டா சரக்கு யார் போடுறது?" என்று பதறினார் முதலாளி.

"அப்போ தூண்டிவிட்டவன் பேரு ஒண்ணு சொல்லுங்க. மேலே ரிப்போர்ட் எழுதணும், வெறும் வண்டியோட நான் போக முடியாது."

"வேம்புலி" என்றார் ஜெயராமன், கேட்ட வாய் மூடுவதற்குள். பெயர் சொல்லிப் பழகிய நாக்கு அல்லவா?

முதலாளி மறுத்துத் தலையை ஆட்டினார். "அவன் வேணாம். அந்த திரெட் மெஷின் அவன் ஒருத்தனுக்குத்தான் படியும்."

இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போயிற்று. கூட்டத்தைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். "டேய்! இந்தப் பூஜையைப் போட்டது யாருடா? ஏத்தின கைதான் எடுக்கணும்னு கிளப்பிவிட்டது யாரு?"

போர்டு மாட்டிய நாளிலிருந்து மூடிக்கிடந்த முந்நூறு வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"ஜெயராமன் சார்!"

ஜெயராமன் சிரிக்கப் பார்த்தார். முதலாளி தனக்காகப் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தார். முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். லேபர் ஆபீசர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் நூறு பேர் வருவார்கள். திரெட் மெஷினுக்கு வேம்புலி ஒருத்தன்தான். இந்தக் கணக்கைப் போட முதலாளிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"எனக்கே கொஞ்ச நாளா சந்தேகம்தான் இன்ஸ்பெக்டர்" என்றார்.

"சார்! நான் உங்க ஆளு சார்! ராஜசேகரனையே நான்தானே..." என்று ஜெயராமன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பிடித்தே வேனில் ஏற்றினார்கள். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, இந்தப் பலகையில்தானே ராஜசேகரனும் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

வேன் உறுமிக்கொண்டு நின்ற நேரத்தில் முதலாளியின் குரல் கேட்டது. "ஆச்சு, ஒழிஞ்சான். ம், இப்போ ஸ்விட்சைப் போடுங்க!"

யாரும் நகரவில்லை. வேம்புலிதான் கைகட்டியபடியே சொன்னான். "எப்டி மொதலாளி போடறது? ஏத்துன கைய இட்டுனு போறாங்களே."

வேன் நகர்ந்தபோது முதலாளி ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. "இன்ஸ்பெக்டர், ஒரு நிமிஷம்! வண்டியை நிறுத்துங்க! அந்த ஆளை இறக்கி விடுங்க!"

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெயராமனும் கத்தினார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே எழுத அவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வண்டி நிற்கவில்லை.