உடைசல் கல்

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு மலேயாவிலிருந்து புருஷன் வீரமுத்துவின் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவன் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அஞ்சம்மாள் பின்பக்கக் கொட்டகையில் இருந்தாள். மண் தரையை எலி குடைந்துபோட, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

ரயில்வே ஃபிட்டர் பாண்டுரங்கன் வந்து பார்த்தார். "தரைய மட்டும் கெட்டியா போட்டுடும்மா. ஆவணி பொறந்ததும் குடி வர்றோம். இல்லன்னா வேற வீடு பாத்துக்குவேன்."

ஆடி முடியப் பன்னிரண்டு நாள். சிமெண்ட் எல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்புத் தளம் காய ஒரு மாதமாகும் என்றார் கொத்தனார் அப்பாதுரை. கடப்பைக் கல்லோ அவளுக்கு எட்டாத விலை.

திண்டிவனத்துக்கு ரயிலேறினாள். கல் பட்டறை நடராசன் மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார். ஓரம் உடைந்த கருங்கல் பலகைகள்.

"குடுக்கறத குடுத்துட்டு அள்ளிக்கினு போம்மா. எடத்த அடைச்சிக்கினு கெடக்குது."

நிலக்கடலை மூட்டை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய வண்டியில் ஏற்றிவந்தாள்.

மணல் பரப்பிக் கல்லைப் பதித்து, இடுக்கில் சுண்ணாம்புக் கலவை பூசினார் அப்பாதுரை. அவளே கலவை சுமந்தாள். "தட்டிப் பாருங்க. கெணீர்னு கேட்டா சரியா உக்காந்துக்கினு இருக்குது. பொத்துன்னு கேட்டா அடியில காலி."

அன்றிலிருந்து கையில் கூழாங்கல்லோடு தட்டிக்கொண்டே திரிந்தாள். ஆடிக் கடைசி நாள், கூடத்தின் நடுக்கல் 'பொத்' என்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது; அப்பாதுரை வரவில்லை. கடப்பாரையால் தானே நெம்பினாள். விரல் நசுங்கியது. அடியில் மணல் நிரப்பி இடித்துக் கல்லைத் திரும்ப உட்காரவைத்தாள்.

மறுநாள் பாண்டுரங்கன் ஸ்பானர் பெட்டியை அந்தக் கல் மேலேயே போட்டார். 'கெணீர்' என்றது. கல் அசையவில்லை.

ஆனால் அவர் மனைவி வீரம்மாள் முகம் சுளித்தாள். "இன்னா இது, ஒட்டுப்போட்ட பொடவை மாதிரி இருக்குது?"

இவர்கள் திரும்பிப்போனால் அஞ்சம்மாளுக்கு அடுத்த வேளை அடுப்பு எரியாது.

நிறைமாதக்காரியான வீரம்மாள் நிற்கமுடியாமல் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் கல்லைத் தடவினாள். "சில்லுன்னு இருக்குது. எலி வருமா?"

"வந்தா பல்லுதான் போவும்."

வீரம்மாள் சிரித்துவிட்டாள். "இங்கயே இருந்துடலாங்க," என்று புருஷனிடம் சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள்.

நசுங்கிய விரலின் வலி அப்போதுதான் அஞ்சம்மாளுக்குத் தெரிந்தது.