நோன்போடு ஓடியவன்

வெள்ளவத்தையில் ஒரே மாடிக் கட்டடத்தில் எதிரெதிர்க் கதவு, ஹபீஸுக்கும் யோகநாதனுக்கும். ஹபீஸுக்கு மின்சாமான் கடை, யோகநாதனுக்கு வங்கி வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு இருவருக்கும் அரை மரதன் ஓட ஆசை வந்தது. களைத்த காலோடு ஓடிப் பழகினால்தான் கடைசிக் கட்டத்தில் கால் சொன்னபடி கேட்கும் என்று ஓட்டக் குழுவில் சொல்லியிருந்தார்கள். அதனால் நோன்பு மாதத்திலும் பயிற்சியை விடவில்லை. பின்னேரம் மரைன் டிரைவில் ஓடத் தொடங்கி, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு வீடு திரும்புவார்கள். ஹபீஸின் மனைவி ஸமீமா இரண்டு கோப்பைகளில் கஞ்சி ஊற்றி வைத்திருப்பாள். ஒன்று யோகநாதனுக்கு.

யோகநாதன் சைவன், நோன்பு அவனுக்கில்லை. ஆனாலும் அந்த மாதம் ஓடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

"நீ குடி மச்சான், எனக்கு ஒண்ணுமில்ல" என்பான் ஹபீஸ்.

"நீ வாயைக் கட்டிக்கொண்டு ஓட, நான் பக்கத்தில நிண்டு மடமடவெண்டு குடிக்கிறதோ? போடா விசரா."

ஒருநாள் வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. பம்பலப்பிட்டியில் திரும்பும் இடத்தில் யோகநாதனுக்கு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அவன் நின்று கதைக்க, ஹபீஸ் முன்னால் போய் ரயில் பாதையோரக் குழாயில் குனிந்தான். முகம் கழுவத்தான் குனிந்தான். முதல் மடக்கு தவறி உள்ளே போயிற்று. இரண்டாவது தவறிப் போகவில்லை. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"முகம் கழுவினனியோ? நல்லது" என்றபடி வந்தான் யோகநாதன். குழாயைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தண்ணீர் இறங்கிய உடம்பு ஹபீஸை இழுத்துக்கொண்டு ஓடியது. குற்றத்திலிருந்து தப்புகிறவனைப்போல அவனும் வேகத்தைக் கூட்டினான். யோகநாதன் விடாமல் துரத்தி வந்து, வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு அருகில் கெண்டைக்கால் இழுத்துப்பிடிக்க விழுந்தான். வழியில் வந்த ஒரு சிங்களப் பெண் தன் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். யோகநாதன் அதை மெல்ல விலக்கிவிட்டு ஹபீஸைப் பார்த்தான்.

"பாங்கு சொல்லட்டும். வெறும் வயித்தோட நீ இப்பிடி ஓடுறாய். மத்தியானம் வடிவாச் சோறு திண்டிட்டு நான் விழுந்து கிடக்கிறன். வெக்கமாக் கிடக்கடா."

வெட்கப்பட வேண்டியவன் குனிந்து யோகநாதனின் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். வீட்டில், முறிந்த நோன்பைப் பேரீச்சம்பழத்தால் திறந்தான். "இந்த மனிசன் நோன்போட ஓடுறாரு" என்று ஸமீமா தொலைபேசியில் தன் உம்மாவிடம் பெருமையாகச் சொல்வது கேட்டது.

பெருநாள் கழிந்ததும், கடையில் வேலை அதிகம் என்று சொல்லி மதியச் சாப்பாட்டை வீட்டுக்கே திருப்பி அனுப்பி, ஸமீமாவுக்குத் தெரியாமல் ஒரு களா நோன்பு பிடித்தான். பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்தான். அல்லாஹ் இரக்கமுள்ளவன், விட்ட நோன்புக்குப் பதில் நோன்பு என்று வழி வைத்திருக்கிறான். யோகநாதன் வறண்ட நாக்கோடு ஓடிய அந்தப் பின்னேரத்துக்கு எதைப் பிடித்துக் கொடுப்பது?

அதற்குள், ஹபீஸ் நோன்போடு ஓடிய கதையை யோகநாதன் குழு முழுக்கப் பரப்பிவிட்டான். போட்டியன்று விடியற்காலை, ஓட்டம் தொடங்கும் இடத்திலும் குழுவிலிருந்த ராகுலனைப் பிடித்து வைத்துச் சொன்னான்.

"அண்ணை வயித்துக்குள்ள தண்ணித் தாங்கி ஏதும் வைச்சிருக்கிறாரோ?" என்று ராகுலன் சிரித்தான். ஹபீஸ் குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

பதினைந்து கிலோமீற்றர் வரை நன்றாகவே ஓடினார்கள். காலிமுகத்திடலைத் தாண்டியதும் யோகநாதனின் நடை குழம்பியது. உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் மேசையில் நின்ற பிள்ளை கோப்பையை நீட்ட, வேண்டாம் என்று கைகாட்டி ஓடினான்.

"குடி மச்சான்!"

"வேண்டாம். அண்டைக்கு நீ குடிக்காம ஓடினனிதானே. அதை நினைச்சுத்தான் ஓடுறன். இண்டைக்கு நானும் முடிப்பன்."

சொன்ன பொய்யைவிடச் சொல்லாத உண்மை இப்படி ஒருவனைக் கொல்லப் பார்க்கும் என்று ஹபீஸ் நினைத்ததேயில்லை. எட்டி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் குடிச்சேன்."

"என்ன?"

"அண்டைக்கு. நீ போன்ல கதைக்கக்குள்ள. குழாயில. மூணு மடக்கு. நீ விழுந்து கிடக்கக்குள்ளயும் உண்மையச் செல்லல்ல."

ஓடுகிறவர்கள் இருபுறமும் அவர்களை விலகிப் போனார்கள். யோகநாதன் அவனையே பார்த்தான். பிறகு திரும்பி மேசைக்கு நடந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோப்பை குடித்தான்.

"அப்ப அண்டைக்குத் தண்ணியில்லாம ஓடினது நான் மட்டுந்தானே?"

"ஓம்."

"மடையா" என்றான் யோகநாதன். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. மெல்ல ஓடத் தொடங்கினான். ஹபீஸ் நாலடி பின்னால், முந்தாமல் ஓடினான். பக்கத்தில் போகும் தைரியம் வரவில்லை. முடிவுக் கோடு வரை யோகநாதன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அங்கே ராகுலன் காத்திருந்தான். "என்ன அண்ணை, நோன்பாளியைப் பின்னால விட்டிட்டியள்!"

ஹபீஸுக்கு உடம்பு கூசியது. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும், அதுதான் நியாயம் என்று நின்றான்.

"அவன் எனக்காக நிண்டவன்" என்றான் யோகநாதன். "தண்ணி குடிக்க வைச்சவன்." அதற்குமேல் சொல்லவில்லை.

அந்த இரக்கம் ஏச்சைவிடக் கனத்தது. வீடு திரும்பும் ஆட்டோ கொள்ளுப்பிட்டியைத் தாண்டியபின் யோகநாதன் கேட்டான்.

"ஸமீமாவுக்குத் தெரியுமோ?"

"இல்ல."

"அவ எத்தின பேருக்குப் பெருமையாச் சொல்லியிருப்பா."

ஹபீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"எனக்குக் கோபம் இன்னும் ஆறேல்ல" என்றான் யோகநாதன். "ஆனா நீ தனியப் போய்ச் சொல்ல மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். நானும் வாறன். பக்கத்தில நிக்கிறன்."

கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிப்போயிருக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஹபீஸின் கதவை யோகநாதனே தட்டினான். ஸமீமா சிரித்த முகத்தோடு திறந்தாள். ஹபீஸ் நிலத்தைப் பார்த்தபடி, "ஸமீமா, ஒரு விசயம் செல்லணும்" என்று தொடங்கினான்.