பாதி திறந்த கேட்

பெண் கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று எங்கள் குலப்பெயர்களைக் கூவ வேண்டும். அப்போதுதான் கேட் திறக்கும். பெண் அறைக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். வாயை மூடுவது என் பரம்பரையிலேயே கிடையாது. ஆனாலும் அன்று திரைச்சீலைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு இரண்டு அம்மாக்கள். துலி அம்மா பெற்றாள். ஜபு அம்மா மினிபஸ் டாக்சி ஓட்டிப் படிக்க வைத்தாள். இரண்டு பேரும் ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எங்கள் ஊர் உம்லாசி முழுக்க இது தெரியும்.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட லுங்கெலோவின் மாமா கோட்டும் தொப்பையுமாக வந்து முழங்கினார். "காட்ஷேனி! போயா பென்யாத்தி!"

அது துலி அம்மாவின் குலம். சாவியோடு போனவள், எங்கள் குறுகலான கேட்டில் ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மாமாவின் தொப்பை இடுக்கில் மாட்டிக்கொண்டது.

"என்ன தாயி, அடுத்த கதவு துருப்பிடிச்சுப் போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க பாதி வீட்டைத்தானே கூப்பிட்டீங்க?"

"விடு துலி," என்றாள் ஜபு அம்மா சமையலறையிலிருந்து. "வெயில்ல மனுஷங்க வெந்துபோறாங்க. என் குலப்பேரு யாருக்கு வேணும்?"

ஜபு அம்மாவை ஒதுக்கிவிட்டு நடக்கும் கல்யாணம், லுங்கெலோவோடு என்றாலும், எனக்கு வேண்டாம்.

மாமா பின்வாங்கி, தெருவில் நின்ற டாக்சியில் சாய்ந்து வியர்வை துடைத்தார். அதன் பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒரு குலப்பெயர் இருந்தது. படித்தார்.

"இது யார் வண்டி?"

"இந்த வீட்டு வண்டிதான். ஓட்டுறவ உள்ள சமைச்சிட்டிருக்கா."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு குலம்னே பழகிட்டேன் தாயி, மன்னிச்சுக்கங்க." தொப்பியைக் கழற்றினார். "ஜோபே! மோண்டிசே!"

ஜபு அம்மா அகப்பையும் கையுமாக ஓடி வந்து மற்றக் கதவைத் திறந்தாள். வந்தவர்களிடம் வீட்டுப் பெரியவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். துலி அம்மா அதை இதுவரை கேட்கவே இல்லை. இவளுக்காக வைத்திருந்தாள்.

"யாரைத் தேடி வந்தீங்க?" ஜபு அம்மா அகப்பையை நீட்டிக் கேட்டாள்.

"உங்க பொண்ணைத்தாம்மா."

அடக்க முடியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து தெருவே அதிரக் குலவையிட்டேன்.

"வாயை மூடுடி!" என்று என் அம்மாக்கள் இருவரும் ஒன்றாக அதட்டினார்கள்.