ஐந்துக்குக் கீழே பூஜ்யம்

மூன்று மணிக்குக் கூட்டம். அணையை எப்படித் திறப்பது என்று அதில் முடிவாகிவிடும். அவள் உருவாக்கிய கணினி நிரல் நாற்பது திட்டங்களை ஓட்டிப் பார்த்து, பன்னிரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தது. நகரத்துக்குத் தண்ணீர் குறையாது. வெள்ளத்தில் சிக்கும் ஆட்கள்: பூஜ்யம்.

"கலக்கிட்டேம்மா!" என்றார் தலைமைப் பொறியாளர்.

அவள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். ஆற்று வளைவில் ஒரு கட்டம், வெள்ளம் புகும் இடமென்று நீலமாகியிருந்தது. அப்பாவின் வீடு இருக்கும் கட்டம். அங்கேயும் ஆட்கள் பூஜ்யம்!

ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களைப் பூஜ்யமாக்கு என்று விதி எழுதியவளே அவள்தான். கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று.

நான்கு மாதமாகப் பேசாமல் இருந்தவள், அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"

"பக்கத்து வீடும் காலி. நானும் டிவியும்தான். அதுதான் பேசும், நான் கேட்டுப்பேன்." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "இதைக் கேக்கத்தான் கூப்பிட்டியாம்மா?"



"சாயங்காலம் வர்றேம்பா."

விதியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நீலத்துக்குள் எண்கள் முளைத்தன. கட்டத்துக்கு ஒருவர், அபூர்வமாக இருவர். மொத்தம் நாற்பத்தொரு பேர். பன்னிரண்டாவது திட்டம் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது.

"யாரும்மா இவங்கல்லாம், திடீர்னு?" பொறியாளர் பதறினார்.

"ரொம்ப நாளா அங்கேயேதான் இருக்காங்க சார்."