காத்திருக்கலாம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் ஹலோ மேடம். வீட்டில் சின்னவள். பஞ்சு பிய்ந்துபோன ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, "ஹலோ, ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம்" என்று பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, கடையில் சர்க்கரை கேட்கும்போதுகூட அதே குரல் வந்துவிடும். அவளுடைய அக்கா இதை நடித்துக் காட்டுவாள். "ஹலோ, தங்கச்சி வீட்லேர்ந்து பேசறோம். உங்களுக்கு அரைக் கிலோ சர்க்கரை ஒதுக்கியிருக்கோம், காத்திருக்கவும்" என்று மூக்கால் பேசுவாள். சின்னவளுக்கு முதலில் கோபம் வரும், பிறகு அவளே சிரித்துவிடுவாள்.

அந்தக் காய்ச்சல் வந்து ஊரையே இழுத்துப் பூட்டியபோது, தொண்டை வழியாகக் கேமரா விட்டு வயிற்றைப் பார்க்கும் பிரிவையும் மூடினார்கள். டாக்டர்களைக் காய்ச்சல் வார்டுக்கு அனுப்பினார்கள். கட்டில்களும் அங்கே போயின. சுவரில் ஆக்ஸிஜன் குழாய் இருந்ததால் அறையும் போயிற்று. ஒரு மூலையில் தட்டி வைத்து மறைத்து, உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் நாளைக்கு ஒருவர், மிஞ்சிப் போனால் இருவரைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். எது அவசரம், எது இல்லை என்று போன் போட்டுக் கேட்டுப் பிரிக்கிற வேலை டெலிபோன் அறைக்கு வந்தது.

பிரிவு சூப்பர்வைசர் எப்போதும் விறைப்பாக நிற்பார். அதனால் எல்லோருக்கும் அவர் ஸ்கேல். அவர் கதவருகே நின்றபடியே, உள்ளே வராமல், முறையைச் சொல்லிக்கொடுத்தார்.

"எப்படி இருக்குன்னு கேளுங்க. மோசம்னு சொன்னா அவசரம்னு போடுங்க. பரவாயில்லன்னு சொன்னா காத்திருக்கலாம்னு போடுங்க. கதை கேட்டுட்டு உக்காராதீங்க."

சொல்லிவிட்டார் மகராசன். நம் ஆட்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு வார்த்தையை விட்டால் வேறு ஏது? நன்றாக இருந்தாலும் பரவாயில்லை. நன்றாக இல்லை, ஆனால் உனக்கு எதற்குச் சிரமம் என்றாலும் பரவாயில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டால் அவனுக்கும் அதே பரவாயில்லைதான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது என்றதும் எழுந்து நின்று பேசுகிற ஜனங்கள், ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது என் வயிற்றுவலியைச் சொல்லிக்கொண்டு இருக்கவா என்று கூச்சப்படுகிற ஜனங்கள், வேறு எதைச் சொல்வார்கள்?

சின்னவள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பரவாயில்லை என்று யாராவது சொன்னால் விடமாட்டாள். "சரிங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்பாள். அதில் எல்லாம் வெளியே வந்துவிடும். சாப்பாடு இறங்குகிறதா, வெளியே வருகிறதா, இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறார்களா என்று அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அப்படிக் கேட்டுத்தான் சிலரை அவசரத்தில் போட்டாள். ஸ்கேல் முறைத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவும் அந்தக் கேமராவுக்காகக் காத்திருந்தவள்தான். ரொட்டி விழுங்கினால் நெஞ்சில் நிற்கிறது என்று ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால் வந்து காட்டினாள். தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குள் பூட்டு விழுந்துவிட்டது.

மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே அக்காவுக்கும் சின்னவள்தான் போன் போட்டாள்.

"ஹலோ, ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம்."

"அடடா, ஹலோ மேடமா. சொல்லுங்க மேடம்."

"வெளையாடாதக்கா. எப்படி இருக்கு? முழுங்க முடியுதா?"

"பரவாயில்ல."

அடுத்து கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நேத்து என்ன சாப்பிட்ட?

ஆனால் அக்கா புருஷன் ஓட்டியது பள்ளிக்கூட வேன். பள்ளிக்கூடங்கள் மூடிய அன்றைக்கே வேனும் நின்றது. பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பீப்பீ மாமா. தெருமுனையிலேயே ஹாரன் அடித்து, ஷூ லேசைக் கட்ட விடாமல் ஓடிவரச் செய்கிற ஆள். இப்போது வாசலில் நின்ற வேனுக்குள் ஏறி, ஓட்டுகிற சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். கடன் கொடுத்தவர்களும் கையை விரித்துவிட்டார்கள், போய்க் கேட்க நாலு வாசல்கூடத் திறக்காத காலம். அந்த வீட்டில் போய் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அதற்கு அர்த்தமே வேறு. உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். போன மாதம் ஒரு பை சாமான் அனுப்பியதற்கே அக்கா ஒரு வாரம் பேசவில்லை.

ஆகவே சின்னவள் கேட்கவில்லை. ஊரார் எல்லோரிடமும் கேட்ட கேள்வியைக் கூடப் பிறந்தவளிடம் கேட்காமல் மென்று விழுங்கினாள்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். அதில் சொந்த அக்காவைப் போட்டால் ஸ்கேல் என்ன நினைப்பார், பக்கத்து நாற்காலிக்காரி என்ன நினைப்பாள் என்று அவளுக்கு இருந்தது. தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அக்காவே பரவாயில்லை என்று சொல்லிவிட்டதில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காத்திருக்கலாம் என்று போட்டாள். அந்த இடம், போனை எடுத்ததுமே "நான் சாகப்போறேன், உங்க பேரையெல்லாம் எழுதி வெச்சுட்டுத்தான் சாவேன்" என்று கத்திய ஒரு மனிதருக்குப் போயிற்று. அவருக்கு வாயுத் தொல்லை, வேறொன்றும் இல்லை. குணமானபின் போன் பண்ணி டெலிபோன் அறைக்கு நன்றியெல்லாம் சொன்னார், நல்ல மனிதர்.

அதன்பிறகு மாதங்கள் ஓடின. சின்னவள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் வார்டுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவள், எதையாவது கொண்டுபோய் ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போனில் முகம் பார்ப்பார்கள். அக்காவின் கன்னம் ஒட்டியிருந்தது தெரிந்தது. ஆனால் அப்போது யாருக்குத்தான் கன்னம் இருந்தது? தெருவில் பாதிப் பேர் இளைத்துத்தான் இருந்தார்கள். மாமா இளைத்திருந்தார், பிள்ளைகள் இளைத்திருந்தார்கள். அந்த வீட்டில் குறைவாகச் சாப்பிடுகிற ஆளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் குடித்தாள், பிறகு பாலை மட்டும் குடித்தாள், பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று தண்ணீர் கலந்து குடித்தாள். சிக்கனக்காரி என்று மாமா அவளை மெச்சிக்கொண்டிருந்தார், பாவம்.

பூட்டியது தப்பு என்று சின்னவள் எங்கேயாவது போய்க் கத்தியிருப்பாள். அவளால் முடியாது. பக்கத்து நாற்காலிக்காரி அந்தக் காய்ச்சலில்தான் போனாள். அவளுடைய டிபன் டப்பா கழுவாமல் அலமாரியிலேயே கிடந்தது. அதை வாங்கிக்கொள்ள அவள் வீட்டில் ஆளே மிஞ்சவில்லை. பூட்டாமல் இருந்திருந்தால் இந்த மாதிரி எத்தனை நாற்காலி காலியாகியிருக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். பூட்டியதில் எத்தனை வீடு உள்ளுக்குள்ளேயே இற்றுப்போனது என்பதும் தெரியும், அந்தக் குரல்களை எல்லாம் கேட்டவளே அவள்தான். டிவியில் தினமும் சாயங்காலம் காய்ச்சலில் செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். பாலில் தண்ணீர் கலந்து குடித்தவர்களை எந்தக் கணக்கில் சொல்வார்கள்? இந்தப் பக்கம் இதை வைத்து, அந்தப் பக்கம் அதை வைத்து யாராவது நிறுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அவள் தராசுக்காரி இல்லை, அவளுக்கு இருப்பது ஒரே ஓர் அக்கா.

ஒரு நாள் அக்கா குடித்த தண்ணீரும் திரும்பி வந்தது. மாமா வேனைக் கிளப்பப் பார்த்தார். நின்றே கிடந்ததில் பேட்டரி செத்திருந்தது. தெருக்காரர்கள் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். பிள்ளைகள் உட்காருகிற குட்டை சீட்டில் அக்காவைச் சாய்த்து வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வாசலில் வழக்கம்போல் ஹாரன் அடித்தார். சின்னவள் ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து, அது இழுத்துக் கீழே விழ, ஓடினாள்.

அக்காவைத் தூக்கியபோதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை மாதமாகத் திரையில் பார்த்த முகத்துக்குக் கீழே உடம்பென்று ஒன்றும் இல்லை.

கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் சின்னவளை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டார். அவரும் பல மாதம் காய்ச்சல் வார்டில் நின்றவர், முகத்தில் முகமூடித் தழும்பு ஆறவில்லை.

"நம்ம ஸ்டாஃப்தானே நீங்க? உங்க அக்கா ஏன் அப்பவே வரல?"

"தேதி தள்ளிப்போச்சு டாக்டர்."

"அவசரம்னு சொல்லியிருந்தா பாத்திருப்போமே. அப்ப கட்டி சின்னதாத்தான் இருந்திருக்கும். வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப கல்லீரலுக்கும் போயிடுச்சும்மா. கை வெக்க முடியாது."

காத்திருக்கலாம் என்று போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாராவது ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அக்காவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். சின்னவள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் கட்டில். மத்தியான வெயிலில் வாசலில் நின்ற வேன் அனலாகக் காய்ந்தது, ஆனாலும் மாமா அதற்குள்ளேதான் இருந்தார். பிள்ளைகள் அவருக்குப் பின்சீட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னவள் ஈரத்துணியால் அக்காவின் உதட்டை நனைத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் வலுவே இல்லை.

"ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுக்கா."

"அன்னிக்கு நீ போன் பண்ணியே. அப்பவே என்னக் கூட்டிட்டுப் போய்ப் பாத்திருந்தா, பொழச்சிருப்பேனா?"

உண்மையைச் சொன்னால் அந்த வேதனையோடு அக்கா கண்ணை மூட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சுமை தன்னோடு போகும். பல வருஷமாகப் பழகிய அந்தக் குரல்தான் கடைசியில் கைகொடுத்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், யாரோ ஒருவருக்குத் தகவல் சொல்வதுபோலச் சின்னவள் சொன்னாள்.

"இல்லக்கா. அப்பவே முத்திப் போயிருந்துச்சாம். வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். டாக்டரே சொன்னாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போயிற்று.

"உம்மேல எனக்கு அவ்வளவு கோவம்டி" என்றாள். "சொந்தத் தங்கச்சி அங்கயே உக்காந்திருக்கா, எனக்கு ஒரு வழி பண்ணலியே, ஒரு வார்த்த அழுத்திக் கேக்கலியேன்னு. தெனமும் போன்ல சிரிச்சுப் பேசிட்டு, வெச்சதும் உன்னத் திட்டுவேன். உங்க மாமாகிட்டகூடச் சொன்னதில்ல."

சின்னவள் துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் ஒன்றும் இல்லை.

"தப்பா நெனச்சுட்டேன்" என்றாள் அக்கா. "உம்மேல ஒரு குத்தமும் இல்ல. என்ன மன்னிச்சுடு."

அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் இருந்த விரல்கள் ஒருதரம் அழுத்தின.

"சரிக்கா, மன்னிச்சுட்டேன்" என்றாள் சின்னவள்.