பிடித்தம் இல்லாத நாற்பதாயிரம்

2019 ஜூன் 25 அன்று லாஸ் வேகாஸில் நடந்த ஒரு போக்கர் சீட்டாட்டப் போட்டியில் கடைசிவரை நின்ற இருவரும் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு நாற்பதாயிரம் டாலர்.

காசாளர் ஜன்னலில் பிரேசில்காரன் எவான்ட்ரோவுக்கு முப்பது சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரன் வெண்டலுக்கு முழுத்தொகையும் வந்தது. அவன் வரியைப் பிறகு அவனேதான் கட்ட வேண்டும்.

"நானும் இந்த ஊர்ல பொறந்திருக்கணும்டா," என்றான் எவான்ட்ரோ.

வெண்டல் சிரிக்கவில்லை. போன வருடம் வரிக்கு ஒதுக்கியதையும் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டான். மனைவி கோரின் தன் காரை விற்றுத்தான் கட்டினாள்.

"எனக்கும் பிடிச்சுக்கோங்களேன்," என்று காசாளரிடம் கேட்டான்.

"உள்ளூர்க்காரங்களுக்கு நாங்க பிடிக்கிறதில்ல சார்."

பின்னால் நின்ற கோரின் அவன் தோளில் தாடையை வைத்தாள். "என்னைப் பாத்தா வரி ஆபீசர் மாதிரி இல்லையா? குடு இங்க."

"எவ்வளவு பிடிப்ப?"

"பன்னிரண்டாயிரம். உன் கூட்டாளிக்கும் அவ்வளவுதான பிடிச்சாங்க. அவன் அழுதானா?"

"உள்ளுக்குள்ள அழுதுட்டுதான் இருக்கேன், அண்ணி," என்றான் எவான்ட்ரோ.

வெண்டல் பணத்தை எண்ணி அவள் கையில் கொடுத்தான். மறுநாள் காலை கோரின் அதை வங்கியில் போட்டு, அவன் பெயரில் முன்கூட்டியே வரி கட்டினாள்.